நான்காம் அறை வாசலில் ஒரு பலகை

தரை முனகுகிறது என்று தொலைபேசியில் சொன்னபோது அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தத் தரையில் முனகுவதற்கு எதுவுமே கிடையாது.

மரத்தரை முனகும். அதற்குக் காரணம் இருக்கிறது. குறுக்கே ஓடும் சட்டங்களின் மேல் பலகைகளை வைத்து ஆணியடிக்கிறார்கள். சில வருஷங்களில் மரம் காய்ந்து சுருங்கும், ஆணி இருக்கும் துளை தளர்ந்துவிடும். அதன் பிறகு யாராவது மிதித்தால் பலகை ஒரு மயிரிழை கீழே இறங்கி ஆணியோடு உரசும். அந்த உரசல்தான் முனகல். ஆனால் இளையோர் இல்லத்தின் மாடித் தாழ்வாரத்தில் அவள் போட்டது கான்கிரீட். அதன் மேல் ஒரு விரல் கனத்துக்கு ரப்பர் பஞ்சு, அதற்கும் மேலே மரவரிகள் அச்சிட்ட வினைல் விரிப்பு. பார்த்தால் மரம், மிதித்தால் மெத்தை. பலகை இல்லை, ஆணி இல்லை, உரச ஒன்றுமில்லை. யானையே நடந்து போனாலும் பக்கத்து அறையில் இருப்பவன் புரண்டு படுக்க மாட்டான் என்று திறப்பு நாளன்று அவளே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"எந்த இடத்துல முனகுது?" என்று கேட்டாள்.

"நாலாம் ரூம் வாசல்ல," என்றார் பெரியம்மா.

சிரிப்பு நின்றுவிட்டது.

பெரியம்மா என்பது அந்த இல்லத்தின் பொறுப்பாளரை அங்கே இருக்கும் பிள்ளைகள் கூப்பிடும் பெயர். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால் போடுபவர் முதல் மேலதிகாரிகள் வரை எல்லோருக்கும் அவர் பெரியம்மா ஆகிவிட்டார். கட்டடம் கட்டிய காலத்தில் அவளும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தாள். அவர் பதிலுக்கு அவளை ஆர்க்கிடெக்டம்மா என்பார். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள். கொஞ்ச நேரம் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானம் இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அது ஒரு விடுதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் அவள் எண்ணமும். பெயர்ப்பலகை வைக்க விடவில்லை. வாசலை அகலமாக்காமல் ஒரு வீட்டு வாசல் அளவுக்கே வைத்தாள். உள்ளே நுழைந்ததும் மேசையும் பதிவேடும் வரவேற்கக் கூடாது, சமையலறை வாசனைதான் வரவேற்க வேண்டும் என்று அடுப்படியை முன்பக்கம் கொண்டுவந்தாள். மாடித் தாழ்வாரத்தை நேராக ஓடவிட்டால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும், அதனால் நடுவில் லேசாக வளைத்து, வளைவில் ஒரு ஜன்னல் வைத்தாள். பெற்றவர்களிடம் இருக்க முடியாமல் போன பிள்ளைகள், பல வீடுகள் மாறி வந்தவர்கள். கதவு அறையப்படும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிவாரிப்போடுகிறவர்கள் அவர்களில் பாதிப் பேர். எனவே கதவுகளுக்கு எண்ணெய் அடைத்த கீல்கள் போட்டாள். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசி ஒரு சாண் தூரத்தில் கதவு தானாக நிதானித்து, மூச்சுவிடுவதுபோல மூடிக்கொள்ளும். தாழ்ப்பாள் நாக்குக்குக் கூட நைலான் உறை. சத்தமில்லாத வீடு என்று பத்திரிகையில் எழுதினார்கள். அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருந்தாள். இரண்டு வருஷமாயிற்று. போன வருஷம் அதைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள்.

நடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த வீட்டின் அட்டை மாதிரி இன்னும் இருந்தது. கூரையைக் கழற்றினால் அறைகள் தெரியும்படி அவளே செய்தது. அதைப் பார்க்காமல் கடந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கண் போய்விட்டது. நான்காம் அறையின் வாசலில், நகத்தின் கால்வாசிக்கும் குறைவான ஒரு பழுப்புக் கறை. பசைக் கறை. அது என்ன என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

இப்போது ஒருவர்.

பிள்ளைகள் நீச்சல் பயிற்சிக்குப் போயிருந்தார்கள், வீடு காலி. பெரியம்மா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து, மாடிக்குக் கூட்டிப்போனார். போகும்போதே கதையெல்லாம் சொன்னார். ஒரு மாதமாகக் கேட்கிறதாம். முதலில் பையன்கள் ஒருவன்மேல் ஒருவன் பழி போட்டார்களாம், ஒருவன் அது இன்னொருவனின் வயிற்றுச் சத்தம் என்று சாதித்தானாம். தண்ணீர்க் குழாய் என்று குழாய்க்காரரை வரவழைத்தார்கள். அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, குழாய் இந்தப் பக்கமே வரவில்லையே என்று போய்விட்டார். இப்போது பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் தனியாக நடப்பதில்லை.

"நாளைக்கு ஒரு புதுப் பொண்ணு வர்றா," என்றார் பெரியம்மா. "காலியா இருக்கறது இந்த ரூம் ஒண்ணுதான். நீங்க பாத்துட்டு சரின்னு சொன்னா விடுறேன். இல்லன்னா என் ரூமை அவளுக்குக் குடுத்துட்டு நான் கீழ எங்கயாவது பாயைப் போட்டுக்கறேன். பாவம், அவளும் சரியாத் தூங்கமாட்டாளாம்."

அந்த 'அவளும்' இருவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.

நான்காம் அறையைப் பெரியம்மா ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தார். ஜன்னலடியில் உட்காரும் தாழ்ந்த மேடை, புத்தக அடுக்கு, சுவரில் மங்கிய மஞ்சள். கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவருக்கு நகர்த்திப் போட்டிருந்தார். கட்டில் முன்பு நின்ற இடத்தில், விரிப்பில் நான்கு பள்ளங்கள்.

"இது போகுமா, இப்படியே நின்னுடுமா?" என்று கேட்டார்.

வேலையைப் பற்றிய கேள்வி என்றதும் அவளுக்குக் குரல் திரும்பி வந்தது. குனிந்து விரலால் அழுத்திக் காட்டினாள். அடியிலுள்ள பஞ்சு முழுக்கச் சின்னச் சின்னக் காற்றறைகள், எடை ஏறினால் காற்று பக்கவாட்டில் ஒதுங்கிப் பள்ளம் விழும், எடையை எடுத்துவிட்டால் காற்று மெல்லத் திரும்பிவந்து நிரப்பிவிடும் என்று விளக்கினாள். அவள் விரல் பதிந்த சின்னக் குழி இருவரும் பார்க்கப் பார்க்க மேலெழும்பி மறைந்தது.

"பள்ளம் இருந்தா, மேல எடை இருக்குன்னு அர்த்தம். எடுத்துட்டா தானா சரியாயிடும்," என்றாள்.

அவள் அப்படித்தான். எதையும் விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த அறையில் முன்பிருந்த பெண்ணிடமும் அப்படித்தான் விளக்கினாள்.

இந்த வீடு கட்டுவதற்கு முன் பிள்ளைகள் ஒரு பழைய வாடகை வீட்டில் இருந்தார்கள். புது வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து கேட்பது அவள் வழக்கம். அட்டை மாதிரியைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒருவன் தன் அறையில் கூடைப்பந்து வளையம் கேட்டான். ஒருத்தி கண்ணாடியே வேண்டாம் என்றாள். எல்லோரும் ஆந்தை என்று கூப்பிட்ட பதினான்கு வயதுப் பெண் மட்டும் எதுவும் கேட்காமல் மரப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இரவில் விழித்திருப்பதால் அந்தப் பெயர். அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தமில்லை, கேட்டால் ஆந்தைக்குக் காதுதான் முக்கியம் என்பாள்.

படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. "சமையல்காரர்," என்றாள் ஆந்தை, திரும்பிப் பார்க்காமலே. "இடது காலை இழுத்து வைப்பாரு." சமையல்காரரே வந்தார். ஆர்க்கிடெக்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, மரம் ஏன் முனகுகிறது என்று ஆணியையும் துளையையும் சொல்லிப் புரியவைத்தாள். ஒரு மிதிக்கு இரண்டு சத்தம் உண்டு என்பதையும் சொன்னாள். எடை ஏறும்போது பலகை கீழே போகிறது, ஒரு முனகல். எடை இறங்கும்போது மேலே வருகிறது, இன்னொரு முனகல், முதலாவதைவிடக் கொஞ்சம் மெல்லியது. இருவரும் மாறிமாறி மிதித்துப் பார்த்தார்கள். ஆந்தை யோசித்தாள்.

"அப்ப ரெண்டாவது சத்தம் வரலைன்னா, ஆள் அங்கயே நிக்கறாங்கன்னு அர்த்தம். இல்லக்கா?"

அப்படி அவள் யோசித்ததே இல்லை. ஆமாம் என்றாள்.

அதன் பிறகுதான் பெண் கேட்டாள். தன் அறை வாசலில் ஒரு பலகை வேண்டும். ஒன்று போதும், சத்தம் போடுகிற பலகை. முன்பிருந்த வீட்டைப் பற்றி அவள் அதிகம் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னாள்: "சத்தம் கேட்டா எனக்குப் பயமே இல்லக்கா. சத்தமே இல்லாம வந்து பக்கத்துல நிப்பாங்க பாருங்க, அதுதான்."

ஆர்க்கிடெக்ட் உடனே ஒரு தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, பாதியாக ஒடித்து, அட்டை மாதிரியில் நான்காம் அறை வாசலில் பசை வைத்து ஒட்டினாள். "இது உன் பலகை," என்றாள். ஆந்தை அதைத் தொட்டுப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்தக் குச்சியைப் பிய்த்தது யாரும் சொல்லி அல்ல. யாராவது வற்புறுத்தியிருந்தால் பழியை அவர்மேல் போட்டுவிடலாம். மேலதிகாரிகள் மாதிரியைப் பார்க்க வரும் காலையில் அவள் அதைத் தூசு தட்டிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கச் சத்தமில்லை என்று பெருமையாகச் சொல்லப்போகிற இடத்தில், அந்த ஒரு குச்சி துருத்திக்கொண்டு நின்றது. விரல் நகத்தால் நெம்பினாள். வந்துவிட்டது. இவ்வளவு மென்மையான வீட்டில் வாழ்ந்தால் பயம் தானே போய்விடும், பலகை எதற்கு என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டாள். தனக்கும் நன்றாகத்தான் விளக்குவாள்.

குடிவந்த நாளில் ஆந்தை நேரே மாடிக்கு ஓடினாள். நான்காம் அறை வாசலில் வலது காலை வைத்தாள். காத்திருந்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு திரும்பி அவளைப் பார்த்தாள்.

"பரவால்லக்கா," என்றாள்.

அங்கே வேலை செய்பவர்கள் நல்லவர்கள். இரவில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்களா என்று அறை அறையாகப் பார்ப்பார்கள். எழுப்பிவிடக் கூடாதே என்று மெல்ல நடப்பார்கள், கதவை மெல்லத் திறப்பார்கள். தரையும் சத்தம் போடாது, கதவும் சத்தம் போடாது. ஆந்தைக்கு ஒவ்வொரு இரவும் ஒரு முகம் திடீரென்று இருட்டில் முளைத்தது, அன்போடு. பிறகு அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே தூங்கினாள். அப்படிச் செய்யக் கூடாது என்று நயமாகச் சொன்னார்கள். ஒரு மழை நாள் மாலையில், வீட்டுத்தன்மைக்காகத் தாழ்வாக வைத்த தன் அறை ஜன்னல் வழியாக, கீழிருக்கும் சன்ஷேடில் கால்வைத்து இறங்கிப் போய்விட்டாள். பின்சுவருக்கு அந்தப்பக்கம் கால்வாய். மறுநாள் அதில் கிடைத்தாள்.

விசாரணையில் எல்லோரிடமும் கேட்டதைத்தான் அவளிடமும் கேட்டார்கள். அறையைப் பற்றி அந்தப் பெண் ஏதாவது குறிப்பாகக் கேட்டிருந்தாளா?

"குறிப்பா எதுவும் கேக்கல," என்றாள் அவள்.

இப்போது நான்காம் அறைக்குள் நின்றுகொண்டு, வாசல் பக்கம் பார்க்காமல், பெரியம்மாவிடம் கட்டடம் சூட்டில் விரிவதைப் பற்றியும் குளிரில் சுருங்குவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே மழை வலுத்துவிட்டது. தாழ்வார விளக்கு இன்னும் போடவில்லை. வளைவிலிருக்கும் ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் மட்டும் சுவரைத் தடவிக்கொண்டு வந்து வாசலுக்கு ஒரு கை தூரத்தில் தீர்ந்துபோயிருந்தது. புதுப் படுக்கை விரிப்பின் வாசனை, தரை துடைத்த மருந்தின் வாசனை, அவற்றின் அடியில் ரொம்ப நாள் மூடிக்கிடந்த பாத்திரத்தைத் திறந்ததுபோல, நின்ற தண்ணீரின் வாசனை.

அப்போது வாசலில் அது கேட்டது.

நீளமாக, நிதானமாக, காய்ந்த மரம் ஆணியில் உரசி இறங்கும் சத்தம். அவள் தொழிலில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். எந்தச் சந்தேகமும் இல்லை. பலகை ஒன்றின் மேல் எடை ஏறுகிறது.

"பாத்தீங்களா," என்றார் பெரியம்மா கிசுகிசுப்பாக.

அவள் காத்திருந்தாள். இரண்டாவது சத்தத்துக்காக. வரவில்லை. மழை பெய்தது. எங்கோ கீழே குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது. வரவில்லை. வாசல் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தில் யாரோ காலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெரியம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவர் வாசலைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைப் படித்துப் பழகிய கண்.

"ஆர்க்கிடெக்டம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? எதாவது ஆசைப்பட்டுக் கேட்டாளா? இப்ப தெரிஞ்சாக்கூடப் போதும். வரப்போறவளுக்காவது பாத்துச் செய்யலாம் பாருங்க."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சொல்லிவிடலாம். ஒரு தீக்குச்சி, ஒரு பலகை. சொன்னால் நாளைக்கே ஒரு தச்சரைக் கூப்பிட்டு வாசலில் போட்டுவிடலாம், அரை நாள் வேலை. ஆனால் அதைச் சொன்னால் விசாரணையில் சொன்னது என்ன ஆகும்? அடுத்த இல்லத்துக்கான வரைபடங்கள் மேசையில் தயாராக இருக்கின்றன. இதே கீல், இதே விரிப்பு.

"இல்ல பெரியம்மா," என்றாள். "ஒண்ணும் கேக்கல. இது சும்மா கட்டடம் விரியற சத்தம். நீங்க தாராளமா அவளை இங்க விடலாம்."

வாசலில் மெல்லியதாக இரண்டாவது சத்தம் வந்தது.

கால் எடுத்தாயிற்று.

அடுத்த முனகல் கேட்கவில்லை, நின்ற தண்ணீரின் வாசனை மட்டும் அறைக்கு உள்ளே நெருங்கி வந்தது.

பெரியம்மா விளக்கைப் போட்டார். அறை மஞ்சளாக, சுத்தமாக, காலியாக இருந்தது. கீழே வேன் ஹாரன் அடித்தது, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஈரத்தலையோடு நிற்பார்கள் என்று பெரியம்மா துண்டுகளை அள்ளிக்கொண்டு இறங்கினார். அவர் பின்னாலேயே அவளும் இறங்கினாள். தாழ்வாரத்தில் தன் செருப்பு கொஞ்சமும் சத்தம் போடாததைக் கவனித்தாள். பின்னால் முனகியது. ஒரு மிதி, இரண்டு சத்தம். ஒரு மிதி, இரண்டு சத்தம். வளைவில் நின்றாள். முதல் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. நடையில் பிள்ளைகள் சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக நுழைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் அவளைப் பார்த்து, பேயைப் பிடிச்சாச்சா என்று கேட்டான். மற்றவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். அவள் சிரித்து வைத்தாள். கண்ணாடிப் பெட்டியைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

வீடு வந்து சேரும்வரை காரில் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தாள்.

அவளுடைய வீடு மூன்றாம் மாடியில். கணவர் வேலை விஷயமாக வெளியூரில். பத்தாவது படிக்கும் மகள் தன் அறையில் கட்டிலில் கவிழ்ந்து படித்துக்கொண்டிருந்தாள். இல்லத்துக்கு வாங்குவதற்கு முன்னால் அந்தக் கீல்களையும் விரிப்பையும் அவள் தன் வீட்டுப் படுக்கையறைகளில்தான் போட்டுப் பார்த்தாள். கூடத்தில் மட்டும் பழைய டைல்ஸ் ஓட்டுத்தரை. வாசலில் போய் நின்றதும் மகள் துள்ளி விழுந்து நெஞ்சில் கையை வைத்தாள்.

"அய்யோ, ஏம்மா இப்படிப் பூனை மாதிரி வந்து நிக்கற? இந்த வீட்டுல யாரு வர்றா யாரு போறான்னே தெரியறதில்ல. ஒரு மணியாவது கட்டிக்கோ கழுத்துல."

"சாரிடி," என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். மகள் சாப்பிட்டிருந்தாள். பிறகு புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே மகள் கேட்டாள், கூடத்துல ஏதோ பலகை போட்டிருக்கியா, நீ வர்றதுக்கு முன்னாடி சத்தம் கேட்டுச்சே.

அவள் இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவை மூடினாள். கதவு கடைசி ஒரு சாணில் நிதானித்து மூடிக்கொண்டது.

விளக்கை அணைக்க மனமில்லை. அணைக்காமல் தூக்கமும் வராது. அணைத்துவிட்டுக் கட்டிலில் முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். கதவின் அடியில் கூடத்து விளக்கின் கோடு தெரிந்தது. மழை நின்றிருந்தது. சன்ஷேடிலிருந்து சொட்டும் தண்ணீர், அடுத்த வீட்டு மின்விசிறியின் இழுப்பு, தன் காதுக்குள்ளேயே ஓடும் ரத்தம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. இப்படித்தான் ஆந்தையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் என்று தோன்றியது. ஒவ்வொரு இரவும். கேட்பதற்கு எதுவும் இல்லாத வீட்டில்.

கூடத்தில் முனகியது.

ஓட்டுத்தரை. பலகை கிடையாது. முனகியது.

ஒரு மிதி, இரண்டு சத்தம். சோபாவைத் தாண்டி. ஒரு மிதி, இரண்டு சத்தம். மகளின் அறை வாசல். அவள் மூச்சை நிறுத்தினாள். அங்கே நிற்கவில்லை. தாண்டி வந்தது. அவள் வாசலில் முதல் சத்தம்.

அதோடு சரி.

கைபேசி மடியில் இருந்தது. பெரியம்மாவின் எண்ணை எடுத்துவிட்டாள், பெருவிரல் அதன் மேல் நின்றது. ஒரே வாக்கியம் போதும். அந்தப் பொண்ணு ஒரு பலகை கேட்டா, நான் போடல. அவ்வளவுதான். நாளைக்கு வரப்போகிறவள் அந்த அறையில் படுக்க வேண்டியதில்லை. வெளியே அதற்குத்தான் காத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவசரமில்லாமல், ஒரு பிள்ளை வகுப்பறை வாசலில் நிற்பதுபோல நிற்கிறது.

மணியைப் பார்த்தாள். பெரியம்மா பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பார். இப்போது எதற்குத் தொந்தரவு? காலையில் சொல்லிக்கொள்ளலாம். காலையில் பக்குவமாக, நேரில். விளக்கமாகச் சொல்லலாம்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே, மெல்லியதாக, இரண்டாவது சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. காத்திருந்தாள். அடுத்த மிதி வரவில்லை. கூடத்திலும் இல்லை, எங்கேயும் இல்லை. போய்விட்டது. தோள் தளர்ந்தது. அடக்கிவைத்த மூச்சு வாய்வழியாக வெளியேறியது. உள்ளே இழுத்தபோது அதில் கால்வாய்த் தண்ணீரின் வாசனை இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆந்தை கேட்ட பலகை வாசலுக்குத்தான்.

அறைக்குள் விரிப்பு.

அறைக்குள் எதுவும் கேட்காது.

கதவைப் பார்த்தாள். அடியில் கோடாக இருந்த வெளிச்சம் இப்போது கோடாக இல்லை. ஒரு கை அகலத்துக்கு, தரைமேல், கட்டில்வரை நீண்டு கிடந்தது. கதவு எப்போது திறந்தது? கீல் சொல்லாது. கைப்பிடி சொல்லாது. எல்லாமே அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை.

மகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மகள் வந்து வாசலில் நிற்க வேண்டாம்.

கீழே பார்த்தாள்.

வெளிச்சம் விழுந்த விரிப்பில், கதவிலிருந்து கட்டில்வரை, சின்னச் சின்னப் பள்ளங்கள். வெறுங்கால். கதவருகே இருந்தவை மெல்ல மேலெழும்பி மறைந்துகொண்டிருந்தன. நடுவில் இருந்தவையும்.

கட்டிலை ஒட்டி இரண்டு. பக்கத்தில் பக்கத்தில். விரல்கள் அவள் பக்கம்.

அவை நிரம்பவில்லை.